எட்டு மாதக் குழந்தையின் மேல் பழி போடாதீர்கள்

கேள்வி: ஏப்ரலில் போர் மோட்டார் காயில் எரிந்தது. நான்கே நாளில் ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் போனது. மே மாதம், காலை ஷிஃப்டுக்கு வண்டியில் போன என் கணவர் சறுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். ஆறு வாரமாகச் சம்பளம் இல்லை. அதற்குள் நாத்தனார் மகளுக்குத் தாய்மாமன் சீர். என் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்தால் மானம் போய்விடும் என்று கணவர் சொல்லி, மூன்று வட்டிக்கு ரூ.60,000 வாங்கினார். எட்டு மாதத்துக்கு முன் பிறந்த இரண்டாவது பெண்ணின் நேரம்தான் இதற்கெல்லாம் காரணம் என்கிறார் மாமியார். எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கிவிட்டது. பரிகாரத்துக்கு ரூ.12,000 எடுத்து வைத்திருக்கிறோம். செய்யலாமா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: செய்ய வேண்டாம்.

மாமியார் சொன்னதைவிட, ‘எனக்கும் அப்படித்தான் தோன்றத் தொடங்கிவிட்டது’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என் மனத்தை அறுக்கிறது. பெற்றவள் வாயில் அந்தப் பேச்சு வரலாமா, அம்மா? ‘ராசியில்லாதவள்’ என்ற சொல் ஒருமுறை வீட்டுக்குள் விழுந்துவிட்டால் அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சு வரைக்கும் கூடவே வரும். தவழப் பழகும் பிள்ளை அது. விட்டுவிடுங்கள்.

மோட்டாரும் ஃப்ரிட்ஜும் நான்கு நாள் இடைவெளியில் போனால், சந்தேகம் முதலில் கரண்டின் மேல் வர வேண்டும். நியூட்ரல் இணைப்பு தளர்ந்தால் மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கும். அழுத்தம் குறையும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்துச் சூடாகி, காயில் எரியும். கம்ப்ரசருக்குள் சுழல்வதும் ஒரு மோட்டார்தான். கோடையில் நீர்மட்டம் இறங்கி, தண்ணீரில்லாமல் ஓடியும் போர் மோட்டார் எரிவதுண்டு. மிக்ஸி போடும்போது சமையலறை விளக்கு மங்குகிறதா, சில நேரம் பளிச்சென்று எரிகிறதா என்று இன்றைக்கே கவனியுங்கள். எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் பலகையிலிருந்து சோதிக்கச் சொல்லுங்கள். குறை கம்பத்தில் என்றால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், புகார் செய்யுங்கள். இதைப் பார்க்காமல் புது ஃப்ரிட்ஜ் வாங்கினால் அதுவும் போகும். அந்தப் பழியையும் குழந்தைதான் சுமக்கும்.

அடுத்து, கணவரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா? இருந்தால், வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் வேலையில் நேர்ந்த காயமாகவே கருதப்படும். வேலை செய்ய முடியாத நாட்களுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்க வழியிருக்கிறது. வெறும் நோய் விடுப்பு என்றால் 70 சதவீதம்தான். ஆகவே விபத்து வழியில் நடந்தது என்பதைக் கம்பெனி அறிக்கையாக எழுதி அனுப்ப வேண்டும். வெளியில் கட்டுப் போட்டிருந்தாலும் எக்ஸ்ரேயையும் மருந்துச் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கும் கிளை அலுவலகத்துக்கும் அவர் உடனே போகட்டும். மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்த பணம் அது. கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

சீரைத் திடீர்ச் செலவோடு சேர்க்காதீர்கள். தங்கை மகள் வளர்வது மாமனுக்குத் தெரியாதா? அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாயிலிருந்தே போடலாம். அடுத்த சீருக்காவது போடுங்கள்.

இனி அந்தக் கடன். மூன்று வட்டி என்றால் 60,000-க்கு மாதம் 1,800, வருடத்துக்கு 21,600. அசலில் ஒரு ரூபாய் குறையாது. அதே சங்கிலியை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வைத்து, வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் 6,000-தான். வருடத்துக்கு 15,600 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து எந்த மானத்தைக் காக்கிறார் உங்கள் கணவர்? கழுத்து வெறுமையாக இருந்தால் நான்கு பேர் கேட்பார்கள், அவ்வளவுதான்; மஞ்சள் கயிறு போதும்.

பரிகாரத்துக்கு எடுத்து வைத்த 12,000-ஐ இந்த வாரமே கடன் கொடுத்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அசலில் வரவு வைத்ததாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீதி 48,000-க்குச் சங்கிலியை வங்கியில் வைத்து, கணக்கை முடித்து, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.