வீட்டுக்குள் வைத்த ஆந்தூரியம் கிளாரினெர்வியத்தின் இலை ஓரம் ஏன் கருகுகிறது?

பாளையங்கோட்டையில் மாடி வீடு, சன்னலோரத் தொட்டி, தினமும் தண்ணீர் ஊற்றியும் இலை கருகுகிறது என்கிறீர்கள். எனக்கு அந்த 'தினமும்' மேலேதான் முதல் சந்தேகம்.

இது மெக்சிகோவின் சியாபாஸ் பக்கம் சுண்ணாம்புப் பாறை இடுக்கில் வளர்கிற செடி. வேருக்குக் காற்றோட்டம் வேண்டும். செம்மண்ணில் நட்டுத் தினமும் நனைத்தால் வேர் அழுகி, இலை கருகும். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம் கலந்து மாற்றி நடுங்கள். மட்டையை இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசினால்தான் உப்பு போகும். விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கிறதா? அப்படியானால் போர் தண்ணீர் உப்பும் ஒரு காரணம். தாமிரபரணித் தண்ணீரோ, ஐப்பசி மழையில் பிடித்து வைத்ததோ ஊற்றலாம்.

அப்புறம் ஆடிக் காற்று. குற்றாலத்துக்குச் சாரல், நமக்கு வெறும் காத்துதான்! சன்னலை விட்டு நாலடி உள்ளே, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். ஃபேனுக்கு நேரேயும் வேண்டாம். போன வருசம் என் செடியில் இலைக்கு அடியில் மெல்லிசாக நூலாம்படை. பார்த்தால் சிவப்புச் சிலந்திப் பேன். ஈரத்துணியால் வாரம் இரண்டு தடவை அடிப்பக்கம் துடைத்தேன், போய்விட்டது. கருகின ஓரம் மறுபடி பச்சையாகாது, புது இலையைப் பாருங்கள்.