பேரிக்காய் தண்ணீர் விடாமல் இருக்க…

கேள்வி: விருந்தினர்களுக்கு ஸ்டார்டராகக் கொடுக்கலாம் என்று பேரிக்காயை இரண்டாக வெட்டி சீஸ், தேன், உப்பு, மிளகு எல்லாம் வைத்து ஓவனில் பேக் செய்தேன். பழம் குழைந்து, டிரே முழுக்கத் தண்ணீர். சீஸ் வழிந்தோடிவிட்டது, தேன் கருகிக் கசந்தது. அடுத்த வாரம் மறுபடி பத்துப் பேர் வருகிறார்கள். மானத்தைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பதில்: வழி இருக்கிறது, கவலைப்படாதீர்கள். நீங்கள் வைத்த பொருட்களில் குறையே இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வைத்ததுதான் வினை. பேரிக்காயில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர். உப்பு பட்டதும் அது வெளியே வரத் தொடங்கும். சீஸிலும் உப்பு உண்டு. தேனோ சர்க்கரைச் சத்து. நேரடிச் சூட்டில் சீக்கிரம் கருகும்.

முதலில் பழத்தைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வையுங்கள். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே பழுக்கும். அதனால் வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். அது மெத்தென்று இருந்தால் உள்ளே ஏற்கெனவே கனிந்துபோயிருக்கும். காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துங்கள். லேசாக, லேசாக மட்டும், இடம் கொடுத்தால் அதுதான் ஓவனுக்கு ஏற்ற பழம்.

இரண்டாக வெட்டி, விதைப் பகுதியை ஸ்பூனால் குடைந்தெடுங்கள். முதுகுப் பக்கம் ஒரு மெல்லிய சீவல் எடுத்துவிட்டால் தட்டில் உருளாது. வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவி, அந்தப் பக்கம் டிரேயில் படும்படி கவிழ்த்து வையுங்கள். ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு முன்பே சூடாக்கி, 15 நிமிடம் விடுங்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு அடுக்குவது முக்கியம். நெருக்கிவைத்தால் வெளிவரும் ஆவியிலேயே வெந்துவிடும், நிறம் வராது. ஓரம் பொன்னிறமானதும் திருப்பிப் போட்டு, குழியில் சீஸும் உடைத்த வால்நட்டும் வைத்து இன்னும் 8 நிமிடம். வெளியே எடுத்த பிறகுதான் தேன், மிளகு, விரல் நுனியளவு உப்பு.

சீஸ் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: ஃபெட்டாதான். சூட்டில் இளகும், ஆனால் ஓடாது. மொசரெல்லா பீட்சாவுக்குப் போகட்டும். ப்ளூ சீஸ் பேரிக்காய்க்குப் பிரமாதமான ஜோடி. ஆனால் அந்த வாசனைக்கே எழுந்து போகிறவர்கள் இருக்கிறார்கள், பாதித் துண்டுகளுக்கு மட்டும் வையுங்கள். சைவ விருந்தினர் இருந்தால் லேபிளைப் படித்துவிடுங்கள். சில சீஸ்களைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால் உறையவைக்கிறார்கள்.

பத்துப் பேருக்கு ஐந்து பழம் போதும். முதல் 15 நிமிட வேலையைக் காலையிலேயே முடித்துவைத்து, ஆட்கள் வந்து உட்கார்ந்த பிறகு சீஸ் வைத்து உள்ளே தள்ளுங்கள். பரிமாறும் முன் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். உள்ளே நிற்கும் சாறு நாக்கைச் சுட்டுவிடும். யாருக்காவது நட்ஸ் அலர்ஜி உண்டா என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நாக்கில் தடவக்கூடக் கூடாது.

கேள்வி: பேரிக்காய்க்குப் பதில் வேறு பழம் வைக்கலாமா?

பதில்: அத்திப்பழம் இன்னும் சுலபம். மேலே சிலுவை போல் கீறி, அடியைப் பிதுக்கினால் பூவாக விரியும். நடுவில் சீஸ் வைத்தால் 10 நிமிடத்தில் தயார். அன்னாசிக்கு மிளகாய்த் தூளும் உப்புமே போதும். சீஸ் வேண்டுமென்றால் பழத்தை நன்றாகச் சூடேற்றிய பிறகு வையுங்கள்; பச்சை அன்னாசியில் உள்ள ப்ரோமலைன் பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்கவைக்கும், சூட்டில் அது அடங்கிவிடும். தர்பூசணியை மட்டும் ஓவன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.