சர்வதேசப் பாதுகாப்பு படிக்க அரசியல் அறிவியல் பின்னணி வேண்டுமா?

கேள்வி: வணிகவியலில் பட்டம் முடிக்கப் போகிறேன். முதுகலையில் சர்வதேசப் பாதுகாப்பு படிக்க ஆசை. அரசியல் அறிவியல் தெரியாது. சமாளிக்க முடியுமா? எதைப் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது?

தாராளமாகச் சமாளிக்கலாம். வேறு துறையில் பட்டம் பெற்றவர்களையும் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. முதல் சில வாரங்கள் கோட்பாடுகள் கொஞ்சம் மிரட்டும், அவ்வளவுதான். ஒரு நாடு தற்காப்புக்கென்று ஆயுதம் வாங்க, பக்கத்து நாடு பயந்துபோய் தானும் வாங்க, கடைசியில் இருவருக்குமே ஆபத்து கூடிவிடும் இல்லையா, அதற்குப் 'பாதுகாப்புச் சங்கடம்' என்று அரசியல் அறிஞர் ஜான் ஹெர்ஸ் 1950-இல் பெயர் வைத்தார். கோட்பாட்டு வகுப்பில் பாதி நேரம் இதைச் சுற்றித்தான் சண்டை நடக்கும்.

மாணவர்கள் உண்மையில் திணறுவது தரவுகளில்தான். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகம் தொகுக்கும் மோதல் பட்டியலின் கணக்குப்படி, ஓர் அரசு சம்பந்தப்பட்ட மோதலில் ஒரே ஆண்டில் குறைந்தது 25 பேர் இறந்தால்தான் அது ஆயுத மோதல்; 1,000 பேர் இறந்தால் போர். 24 பேர் இறந்திருந்தால் அந்த ஆண்டுப் பட்டியலில் அது இருக்காது! அதேபோல ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற அமைதி ஆய்வு நிறுவனம் ஆயுத வர்த்தகத்துக்குத் தரும் எண்களைப் பார்த்ததும் டாலர் என்று நினைத்துவிடாதீர்கள், அது கைமாறிய ஆயுதங்களின் ராணுவத் திறனை அளக்கும் தனி அலகு, விற்ற விலை அல்ல. கணக்குப் புத்தகம் படித்துப் பழகிய உங்களுக்கு, 'இந்த எண் எதைக் காட்டுகிறது, எதை விட்டுவிடுகிறது' என்று கேட்பது புதிதாக இருக்காது.

சரி, தேர்வு எப்படி? படிப்பின் பெயரையும் தரவரிசையையும் ஓரமாக வையுங்கள். பாடத்திட்டத்தில் ஆய்வு முறையியல் (ஆய்வை எப்படிச் செய்வது என்று சொல்லித்தரும் பாடம்) கட்டாயமா, ஆய்வேடு எழுத வேண்டுமா, உங்களுக்குப் பிடித்த தலைப்பில் அங்கே யாராவது அண்மையில் ஏதாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். முறையியல் இல்லாமல் வெறும் 'உலக நடப்பு' போல ஓடும் படிப்பு என்றால் நான் சேரச் சொல்ல மாட்டேன், அதற்குச் செய்தித்தாளே போதும்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உளவுத் துறை வேலைகளுக்குப் பொதுவாக அந்தந்த நாட்டுக் குடியுரிமை வேண்டும், ஆய்வு மையங்களில் இடங்கள் குறைவு. பொருளாதாரத் தடைகளை அமல்படுத்துவது, பயங்கரவாத நிதியையும் கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதையும் தடுப்பது போன்ற வேலைகள் பக்கம் போங்கள். 2022-இல் ரஷ்ய மத்திய வங்கியின் வெளிநாட்டுக் கையிருப்பில் ஏறத்தாழ பாதியை மேற்கு நாடுகள் முடக்கின, அப்படி ஒரு தடை வந்தால் எந்தக் கணக்கை நிறுத்துவது, எதை விடுவது என்று வங்கிகளுக்குள் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். வணிகவியலும் பாதுகாப்பும் சேர்ந்து தெரிந்தவர்கள் அங்கே அதிகம் இல்லை என்பது என் கணிப்பு.

விண்ணப்பிக்கும் முன் சிப்ரியின் ஆயுத வர்த்தகத் தரவுத்தளத்தைத் திறந்து (இலவசம்தான்) ஏதாவது ஒரு நாடு பத்து ஆண்டுகளில் யாரிடமெல்லாம் வாங்கியிருக்கிறது, எப்போது ஆளை மாற்றியது, ஏன் என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போது அலுப்புத் தட்டினால் வேறு படிப்பை யோசிக்கலாம்.