2011இல் ஜப்பானின் புகுஷிமா அணு உலையில் நடந்த விபத்துக்குப் பிறகு கடல்நீரில் கதிரியக்கத்தை எப்படி அளந்தார்கள்? கெய்கர் கருவியை நீரில் பிடித்தால் போதாதா?

போதாது. கடல்நீரில் இயற்கையாகவே பொட்டாசியம்-40 என்ற கதிரியக்கப் பொருள் இருக்கிறது, லிட்டருக்குச் சுமார் 12 பெக்கரல். ஒரு பெக்கரல் என்றால் நொடிக்கு ஓர் அணு சிதைகிறது. அணுப்பிளவில் உண்டாகும் சீசியம்-137, 2011க்கு முன் ஜப்பான் அருகே ஆயிரம் லிட்டருக்கே 1 முதல் 2 பெக்கரல்தான். இவ்வளவு சின்ன அளவைக் கெய்கர் கருவி பிரித்துக் காட்டாது.

அதனால் கப்பலில் பல லிட்டர் நீரை மொண்டு, வடிகட்டி, அமிலம் சேர்ப்பார்கள். அப்புறம் அம்மோனியம் பாஸ்போமாலிப்டேட் என்ற மஞ்சள் தூளைப் போட்டுக் கலக்குவார்கள். சீசியம் அதில் ஒட்டிக்கொண்டு மஞ்சள் வண்டலாக அடியில் படியும். அந்த வண்டலை ஈயச் சுவருக்குள் குளிரூட்டிய ஜெர்மானியம் உணரிமேல் வைத்து, அதிலிருந்து வரும் காமா கதிர்களை ஒரு நாளோ அதற்கு மேலோ எண்ண விடுவார்கள். சீசியம்-137 என்றால், காமா கதிரின் ஆற்றலைக் காட்டும் வரைபடத்தில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முகடு எழும்.

சரி, அது புகுஷிமாவுடையதா, 1960களின் அணுகுண்டுச் சோதனை மிச்சமா? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது: சீசியம்-134. அதன் அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 2 ஆண்டுதான், பழையது எப்போதோ அழிந்துவிட்டது. ஆகவே அந்த நீரில் அது தென்பட்டாலே புகுஷிமா என்று சொல்லிவிடலாம்.

அணுப்பிளவில் உண்டாகும் இன்னொரு பொருளான ஸ்ட்ரான்சியம்-90ஐ அளப்பது இன்னும் பாடு. அது காமா தராது, பீட்டா கதிர் மட்டுமே தரும். வேதிமுறையில் பிரித்து, அது சிதைந்து உண்டாகும் யிட்ரியம்-90 சேர இரண்டு வாரம் காத்திருந்துதான் பீட்டாவை எண்ண வேண்டும்.