கொள்ளைநோய்க்குப் பின்னும் நீங்காத பாரம்: கேள்வி பதில்

கோவிட்-19 தொடர்பான சர்வதேச அவசரநிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் திகதி அறிவித்தது. ஆயினும் கொழும்பில் உளவளத்துணையாளராகப் பணியாற்றும் என்னிடம் வருபவர்களில் பலர் இன்றும் அந்தக் காலத்தில் தொடங்கிய துன்பத்தையே சொல்கிறார்கள். அண்மையில் கேட்கப்பட்ட சில கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி (வெள்ளவத்தை, வங்கி ஊழியர்): காலி வீதி பஸ்ஸில் கூட்டம் நிறைந்தால் எனக்கு மூச்சடைக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. சில தடவைகள் இடையில் இறங்கி முச்சக்கர வண்டியில் போனேன். இப்போது பஸ் ஏறுவதையே விட்டுவிட்டேன். கொரோனாவுக்கு முன் எனக்கு இப்படி இருந்ததில்லை, அம்மா.

பதில்: முதலில் ஒரு வைத்தியரிடம் காட்டி, இருதயம், தைரொயிட்டு, இரத்தச்சோகை ஆகியவற்றில் குறையில்லை என்பதை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். குறையில்லையென்றால், இது பதற்றத் தாக்குதலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியது முதல், பக்கத்தில் நிற்பவரின் இருமல்கூட ஆபத்து என்று நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. அன்று அது உண்மையும்கூட. உங்கள் உடல் அதை நன்றாகப் பழகிக்கொண்டது. இன்று கூட்டத்தைக் கண்டதும் அட்ரினலின் சுரந்து மூச்சு வேகமாகிறது. வேகமான மூச்சினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து தலைச்சுற்றும் விரல் நுனியில் விறைப்பும் வருகின்றன. அவற்றைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது. இந்தப் பதற்றம் பெரும்பாலும் பத்து நிமிடங்களளவில் உச்சத்தை அடைந்து, பிறகு தானாகவே தணியத் தொடங்கும்.

பஸ்ஸைவிட்டு இறங்கியதும் கிடைக்கும் நிம்மதிதான் இங்கே உங்களுக்குத் தடையாகிறது. இறங்கியதால்தான் தப்பினேன் என்று மனம் முடிவுசெய்துவிடுவதால், அடுத்த முறை பயம் இன்னும் முன்கூட்டியே வருகிறது. ஆகவே, கூட்டமில்லாத ஞாயிறு காலையில் பம்பலப்பிட்டி வரை மட்டும் போய் வாருங்கள். பதற்றம் வந்தால் இறங்காமல், மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதற்குக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு, அது தணியும்வரை இருங்கள். அந்தப் பயணம் உங்களுக்குச் சலிப்பூட்டத் தொடங்கும்போது கோட்டை வரை போகலாம். வேலைநாளின் நெரிசலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மாளிகாவத்தை, இல்லத்தரசி): அஸ்ஸலாமு அலைக்கும். 2020 டிசம்பரில் எங்கள் உம்மா கோவிட்டால் மௌத்தானார். ஜனாஸாவை எரித்துவிட்டார்கள். குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை. ஸியாரத் (அடக்கத்தலத்துக்குப் போய் வருதல்) செய்வதற்கு ஒரு கபுர்கூட இல்லை. அல்லாஹ்வின் நாட்டம், மறந்துவிடு என்கிறார்கள். என்னால் முடியவில்லை. என் ஈமான் (இறைநம்பிக்கை) பலவீனமானதா?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம், தங்கச்சி. இல்லை. தாயின் ஜனாஸாவுக்குச் செய்யவேண்டிய கடமையைச் செய்யவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு மகளின் துயரம் இது. தொற்றால் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அனுமதித்திருந்த வேளையில், இந்த நாட்டில் 2020 ஏப்ரலில் தகனம் கட்டாயமாக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி மாறி, பின்னர் கிழக்கிலங்கையின் ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய இடம் கிடைத்தது. கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோர 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. உங்களுக்கு நடந்தது அநீதி என்பதை நீங்கள் யாரிடமும் நிரூபிக்கத் தேவையில்லை என்பதற்காகவே இவற்றை எழுதுகிறேன். அநீதியை மறக்கச் சொல்வது ஆறுதலாகாது.

முகத்தைப் பார்ப்பதால் மரணத்தை மனம் நம்புகிறது. குளிப்பாட்டுவதால் கடைசிப் பணிவிடை செய்த நிறைவு கிடைக்கிறது. வீடு நிறைய ஆட்கள் வருவதால் துக்கம் பகிரப்படுகிறது. இவை யாவும் உங்களிடமிருந்து பறிக்கப்பட்டதால்தான் துயரம் நடுவழியில் நின்றுவிட்டது. தடைப்பட்டவற்றில் இயன்றதை இப்போதாவது செய்யுங்கள். மார்க்கம் என்ன அனுமதிக்கிறது என்பதை நீங்கள் மதிக்கும் ஒரு மௌலவியிடம் கேளுங்கள். சகோதரர்களை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்து, வைத்தியசாலையின் கடைசி நாட்களை மட்டுமல்லாமல், உம்மா சமைத்ததை, கோபித்ததை, சிரித்ததை எல்லாம் பேசுங்கள். அவர் பேரில் ஒரு ஸதக்கத்துல் ஜாரியா (தொடர்ந்து பயன்தரும் தர்மம்) தொடங்கினால், கபுரில்லாத இடத்தில் உங்கள் அன்புக்குப் போய்ச் சேர ஓரிடம் கிடைக்கும். இறுதிக் கிரியையைத் தொலைபேசியில் பார்க்க நேர்ந்த இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன்.

இவ்வளவுக்குப் பிறகும் நாள் முழுவதும் ஏக்கம் நீங்காமல், பிள்ளைகளைக் கவனிக்கவோ மனிதர்களோடு பழகவோ முடியாதிருந்தால், அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். அதற்கென்று தனியான சிகிச்சைமுறை உண்டு; பயனும் தருகிறது.

கேள்வி (புறக்கோட்டை, நாட்டாமை, அதாவது சுமை தூக்கும் வேலை செய்பவர்): ஊரடங்கில் தொழில் நின்றது. 2022இல் விலைவாசி ஏறியது. அடகு வைத்த நகை மூழ்கிவிட்டது. வட்டிக்கு எடுத்த காசும் இருக்கிறது. குடித்தால்தான் நித்திரை வருகிறது. மூச்சுப்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். அதனால் கடன் தீருமா?

பதில்: தீராது, தம்பி. பணக் கஷ்டத்தை மனக் கோளாறாக மட்டும் பார்த்து ஆலோசனை சொல்வதை நான் ஏற்பதில்லை. ஆனால் நித்திரையின்றிக் களைத்த மனத்தால் கடனுக்கு வழி தேடவும் முடியாது. மது கண்ணை மூட வைத்தாலும், பின்னிரவில் நித்திரையைக் குலைத்துவிடுகிறது. நீண்டகாலமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவராயின் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரின் துணையோடு குறையுங்கள். எவ்வளவு, யாருக்கு, என்ன வட்டி என்று எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதி, வீட்டில் மனைவியிடம் காட்டுங்கள். ஒளித்து வைத்த கடனுக்குக் காவலிருப்பதே பாதி உறக்கத்தைத் தின்றுவிடும். பிறகு இந்த வாரம் பேசித் தவணை கேட்கக்கூடிய ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்றையும் நேரடியாகவே கேட்கிறேன்: இருந்தென்ன பயன், செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் இன்றே 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், இரவானாலும் அழையுங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையென்றால் தனியே இருக்காமல், யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை, தாய்): பள்ளிக்கூடங்கள் மூடியிருந்த காலத்தில் என் மகன் சிறு பிள்ளை. இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். அறையைவிட்டு வெளியே வருவதில்லை, எப்போதும் தொலைபேசிதான்.

பதில்: நண்பர்களோடு சண்டை போட்டுச் சமாதானமாகப் பழகவேண்டிய வயதில் அவன் திரைக்கு முன்னால் இருந்தான். அந்தப் பழக்கத்தை இப்போதுதான் கற்கிறான். தொலைபேசியைப் பறித்தால் அவனுக்கிருக்கும் ஒரே தொடர்பும் போய்விடும். அதற்குப் பதிலாக, வாரத்தில் ஒரு மாலை கிரிக்கெட்டுக்கோ பாடல் குழுவுக்கோ அவனை அனுப்புங்கள். இரவுச் சாப்பாட்டின்போது மட்டும் வீட்டிலுள்ள அனைவரும், பெரியவர்கள் உட்பட, தொலைபேசியைத் தள்ளி வையுங்கள். சாப்பாடும் நித்திரையும் பல வாரங்களாகக் குழம்பியிருந்தாலோ, தன்னைக் காயப்படுத்தினாலோ காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி (தெஹிவளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்): மருமகளை மனநல வைத்தியரிடம் காட்டச் சொல்கிறார்கள். அங்கொடைக்குப் போனாள் என்று ஊர் பேசாதா?

பதில்: ஐயா, அந்த ஊர்ப் பெயரை நாம் ஏச்சுச் சொல்லாக்கியதால் எத்தனையோ பேர் சிகிச்சைக்குப் பிந்தி வருகிறார்கள். அங்கொடை என்று ஊரார் சொல்லும், முல்லேரியாவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவு உண்டு. அரச வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசம். பெரும்பாலானோர் கிளினிக்குக்கு வந்து அன்றே வீடு திரும்புகிறார்கள். மருமகளிடம், "நான் கூட வருகிறேன், மகள்" என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டின் மூத்தவர் உடன் வந்தால் ஊர்ப்பேச்சை அவள் தனியே தாங்கவேண்டியிராது. முதல் நாள், நித்திரை, உணவு, அழுகை ஆகியவற்றில் நீங்கள் கண்ட மாற்றங்களையும் அவை எப்போது தொடங்கின என்பதையும் அவளுடைய சம்மதத்தோடு எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவள் உண்ணும் மருந்துகளின் பெயர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.