யாழ்ப்பாணத்தில் அன்றாடச் சாமான்களின் விலை காலத்துக்குக் காலம் எப்படி மாறியது?

பணவீக்கம் என்ற ஒற்றைச் சொல் இதற்குப் போதாது. என் பார்வையில், எங்கள் விலைகளைப் பெரும்பாலும் தீர்மானித்தது சாமான் வந்துபோகும் பாதைதான்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் நல்ல விலைக்குப் போயின. தோட்டக்காரர் பலர் கல்வீடு கட்டினார்கள். 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட, அந்த வருமானம் சரிந்தது.

1990இல், போர்க்காலத்தில், அரசு விதித்த பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் கொழும்பு விலையைவிடப் பல மடங்கு விற்றது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் திரியும் வைத்து, கொஞ்ச எண்ணெயில் எரித்த விளக்கில் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள். மோட்டார் சைக்கிளைக் கிளப்பச் சில துளி பெற்றோல், பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டம். எத்தனை கெட்டித்தனம் அது! 2006 ஓகஸ்ட்டில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை மூடப்பட்டபோதும் விலை எகிறியது.

2022 வேறு; அது பாதையால் அல்ல, நாடு முழுவதையும் பிடித்த பொருளாதார நெருக்கடியால் வந்தது. டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 வரை போக, பெற்றோல் லீற்றர் 470 ரூபாவைத் தொட்டது. கொழும்பும் வரிசையில் நின்றது.