வீட்டுக்காரம்மா அனுப்பிய ‘சுசி’: என் மகள்மீது போலீஸ் விசாரணையா?

கேள்வி: என் மகள் பிலிப்பைன்ஸில் டாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. போன வாரம் அவள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்: “சுசிஹோன் ஸா பராங்காய் உக்மா அங் தானாங் போர்டிங் ஹவுஸ். பாலிஹொக் அந்தாமா அங் மங்ஙா பாப்பெலெஸ்.” செல்போன் செயலியில் போட்டால் சுசி என்றால் ‘விசாரணை’ என்று வருகிறது. கல்லூரியில் பிலிப்பினோ மொழி வகுப்புக்குப் போகும் அறைத்தோழி ‘சாவி’ என்கிறாள். இரண்டு நாள் கழித்து, “வலா பா சுசிஹா அங் இமோங் க்வார்தோ” என்று என் மகளுக்கு மட்டும் இன்னொரு செய்தி. சேர்க்கைக்கு ஏற்பாடு செய்த ஏஜென்ட்டிடம் கேட்டோம். போலீஸ் விசாரணைதான், அறையைச் சோதனை போட உத்தரவு வந்துவிட்டது, 15,000 பெசோ கொடுத்தால் முடித்துவைக்கிறேன் என்கிறார். மகளின் பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. நான் கோழிப்பண்ணைக்காரன், இந்த மொழி விவகாரமெல்லாம் புரியவில்லை. உண்மையில் என்னதான் எழுதியிருக்கிறது?
– ஒரு தந்தை, நாமக்கல் மாவட்டம்

பதில்: ஐயா, முதலில் பணம் அனுப்பாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

முதல் செய்தியில் இருப்பது இவ்வளவுதான்: “நாளைக்கு எல்லா போர்டிங் ஹவுஸ்களையும் பராங்காய்க்காரர்கள் பார்வையிடுவார்கள். தயவுசெய்து காகிதங்களைத் தயாராக வைத்திருங்கள்.” பராங்காய் என்பது அந்த நாட்டு உள்ளாட்சியின் கடைசிப் படி. நம் ஊரில் வார்டும் பஞ்சாயத்தும் சேர்ந்த மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போலீஸ் ஸ்டேஷன் அல்ல. போலீஸ் என்ற சொல்லே அந்தச் செய்தியில் இல்லை. அதைச் சேர்த்தவர் உங்கள் ஏஜென்ட்.

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன். டாவோவில் மக்கள் பேசுவது செபுவானோ மொழி. அங்கே போய் செபுவானோ என்று சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்கு அது பிசாயா. செபுத் தீவு, போஹோல், நெக்ரோஸ் தீவின் கிழக்குப் பக்கம், மிண்டனாவோவின் பெரும்பகுதி எல்லாம் இந்த மொழிதான். இதில் சுசி என்றால் ஒன்றை உன்னிப்பாகப் பார்ப்பது. டாக்டர் நோயாளியைப் பார்ப்பதும் சுசி. கணக்குப் பிள்ளை பேரேட்டைச் சரிபார்ப்பதும் சுசி. மால் வாசலில் காவலாளி குச்சியால் கைப்பையைக் கிளறிப் பார்க்கிறாரே, அதையும் சுசி என்றே சொல்லலாம். போலீஸ் ஒரு கொலை வழக்கைத் துருவினாலும் பத்திரிகைக்காரன் சுசி என்றுதான் எழுதுவான்.

ஒரே சொல் இத்தனை வேலை செய்யுமா என்று கேட்காதீர்கள். நம் ‘விசாரி’ என்ன செய்கிறது? நலம் விசாரிக்கிறோம், விலை விசாரிக்கிறோம், பெண் வீட்டைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம், போலீஸும் விசாரிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் “உங்களை விசாரிச்சாங்க” என்றால் நீங்கள் வக்கீலைத் தேடி ஓடுகிறீர்களா? கீரையை ஆய்கிற ‘ஆய்’தான் முனைவர் பட்டத்து ‘ஆய்வு’க்குள்ளும் இருக்கிறது. யார், எதை என்று பார்த்துத்தான் பொருள் கொள்கிறோம். சுசியும் அப்படித்தான். செயலிக்கு அது தெரியாது. தலையில் இருக்கும் நாலைந்து பொருளில் ஒன்றை எடுத்து நீட்டிவிடும், கேட்கிறவன் பெற்ற தகப்பன், பயந்து போயிருக்கிறான் என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை.

‘சாவி’ என்று சொன்ன அறைத்தோழி மீது தப்பில்லை. அவள் படிப்பது பிலிப்பினோ, அதன் அடிப்படை மணிலாப் பக்கத்து தகலோக். தகலோக்கில் சுசி என்றால் சாவிதான், சீனத்து ஹொக்கியென் வியாபாரிகளிடமிருந்து வந்த சொல். பிசாயாவில் சாவிக்கு யாவி என்பார்கள், அது ஸ்பானிஷ்காரனின் யாவே. நம் சாவி போர்த்துகீசியன் கொடுத்தது. இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். ஆக யாவியும் சாவியும் உறவு, சுசிக்கும் சாவிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். டாவோவுக்கும் செபுவுக்கும் நம் பிள்ளைகள் வண்டி வண்டியாகப் போகிறார்கள். பாடம் ஆங்கிலத்தில்தான், அதில் குறை இல்லை. ஆனால் மூன்றாம் நான்காம் ஆண்டில் வார்டில் எதிரே படுத்திருக்கும் கிழவி பேசப்போவது பிசாயா. வலி எங்கே என்று அவளிடம் கேட்கத் தெரியாமல் எத்தனை பிள்ளைகள் விழித்ததைப் பார்த்திருக்கிறேன்! நான் 11 வருஷம் அந்த ஊரில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன். சேர்க்கை விளம்பரத்தில் விடுதியில் சாம்பார் கிடைக்கும் என்று போடுகிறார்கள், ஊரில் என்ன மொழி என்று ஒருவரும் போடுவதில்லை. கேட்டால் “எல்லாருக்கும் இங்கிலீஷ் தெரியும் சார்” என்பார்கள். அப்புறம் ஒரு பிசாயா வரி வந்து பிள்ளை மிரண்டால், அதற்குப் பொருள் சொல்லவும் அவர்களே வந்து நிற்கிறார்கள், கட்டணத்தோடு.

உங்கள் கையில் இருக்கும் வரியை நீங்களே எப்படிப் படிப்பது என்று சொல்கிறேன். நுணுக்கமெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு அடையாளம் போதும். இந்த வரியில் ‘அங்’ என்ற சின்னச் சொல் இருக்கிறதல்லவா? சுசிஹோன் என்று வினை வந்தால், அங்-குக்குப் பின்னால் வருவதுதான் பார்வையிடப்படும் பொருள். ‘ஸா’வுக்குப் பின்னால் வருகிறவர் இங்கே பார்வையிடும் ஆள். அங் தானாங் போர்டிங் ஹவுஸ்: எல்லா போர்டிங் ஹவுஸும். உங்கள் மகள் அல்ல, அவள் பெயரும் அல்ல. அவள்மீது விசாரணை என்றால் அங்-கின் இடத்தில் அவள் இருந்திருக்க வேண்டும்.

அந்தக் ‘காகிதங்கள்’ யாருடையவை? என் அனுபவத்தில் இப்படிப்பட்ட பார்வையிடலில் முதலில் கேட்பது வீட்டுக்காரரின் காகிதங்களைத்தான்: தொழில் உரிமம், தீயணைப்புத் துறையின் சான்றிதழ், சுகாதாரச் சான்று. ஜனவரியில் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் ஊரே இதற்காக அலையும். பிள்ளைகளிடம் கேட்டால் அடையாள அட்டை கேட்கலாம். விசா விவகாரம் குடிவரவுத் துறையுடையது, அது மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் கீழ் வருவது, பராங்காயின் வேலை அல்ல.

இனி இரண்டாவது செய்தி. உங்கள் ஏஜென்ட் காசு பார்க்க நினைப்பது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சுசிஹா என்பது சாதாரணமாக ஏவல். “சுசிஹா!” என்றால் “பார்!”, “சோதித்துப் பார்!” என்று கட்டளை. ஏஜென்ட் இதைப் பிடித்துக்கொண்டுதான் “அறையைச் சோதனை போட உத்தரவு” என்கிறார். அரைகுறை பிசாயா தெரிந்தவர் போலிருக்கிறது. ஒன்றுமே தெரியாதவரைவிட அரைகுறைதான் ஆபத்து. இந்த -ஹா விகுதிக்கு இன்னொரு வாழ்க்கை உண்டு. ‘வலா’ என்ற ‘இல்லை’ முன்னால் வந்துவிட்டால், அதே சுசிஹா கட்டளையாக இருக்காது. நடக்கவில்லை என்ற செய்தியாகிவிடும். கிசுசி (கிட்டாரில் வரும் கி போலச் சொல்லுங்கள்) என்றால் ‘பார்க்கப்பட்டது’. அதை மறுக்க “வலா கிசுசி” என்று இலக்கணப்படி சொல்லமாட்டார்கள், “வலா சுசிஹா” என்றுதான் திரும்பும். சாப்பாட்டுக்கும் இதே கதை: “கான்-ஆ!” என்றால் “அதைச் சாப்பிடு!”, “வலா நாக்கோ கான்-ஆ” என்றால் “நான் அதைச் சாப்பிடவில்லை.” நம் ‘செய்யும்’ இப்படித்தானே? “பார்த்துச் செய்யும்” என்று பழைய கடிதத்தில் வந்தால் கட்டளை, “அவர் செய்யும் தொழில்” என்றால் வேறு, “அது நன்மை செய்யும்” என்றால் மூன்றாவது. வடிவம் ஒன்று, வேலை வேறு.

‘பா’ என்றால் ‘இன்னும்’. இமோங் க்வார்தோ, ‘உன் அறை’. ஆக அந்த அம்மா எழுதியது: “உன் அறையை இன்னும் பார்க்கவில்லை.” அவர்கள் வந்த அன்று உங்கள் மகள் கல்லூரியில் இருந்திருப்பாள், அறை பூட்டியிருக்கும். அதனால்தான் அவளுக்கு மட்டும் தனிச் செய்தி. இதில் உத்தரவும் இல்லை, வாரண்ட்டும் இல்லை, 15,000 பெசோவும் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வந்து “வலா பா சுசிஹா, டொக்” என்றார். படுக்கையில் இருப்பவரை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நம் பையன் ஒருவன் ‘சுசிஹா’ மட்டும் காதில் விழ, தனக்குக் கட்டளை என்று நினைத்து ஸ்டெதஸ்கோப்போடு பாய்ந்துவிட்டான். நல்லவேளை, பார்க்க வேண்டிய நோயாளிதான், மூத்த டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எல்லாப் பிழையும் அப்படிச் சிரிப்பில் முடியாது.

அப்படியானால் எந்தச் சொல் வந்தால் கவலைப்படலாம்? இம்பெஸ்திகாஸ்யோன் என்று வந்தால் அது நேரடியான புலனாய்வு. காசோ என்றால் வழக்கு, ரெக்லாமோ புகார். சுகித்சுகித் என்றால் குடைந்து குடைந்து கேள்வி கேட்பது. ரெகிசா என்றால் உடம்பையோ பையையோ தடவிச் சோதிப்பது. தாகோப் என்பது பிடித்துப்போவது. இவற்றில் ஒன்றுகூட உங்களுக்கு வந்த இரண்டு வரிகளில் இல்லை. உசிசா என்று ஒரு சொல் உண்டு, கேட்டு விசாரிக்கும் பக்கம் சற்றுச் சாயும். அதுவும் தானாக மிரட்டல் ஆகாது. போலீஸே வந்து அறையைச் சோதனையிட வேண்டுமென்றாலும் அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் வேண்டும். வாரண்ட் வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரம்மா மூலம் வராது.

அகராதி பார்க்க ஆசைப்பட்டால் ஜான் வுல்ஃப் தொகுத்து 1972இல் கார்னெல் பல்கலைக்கழகம் வெளியிட்ட செபுவானோ அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொருள் விளக்கம் ஆங்கிலத்தில், மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ‘சுசிஹோன்’ என்று தேடினால் கிடைக்காது, வேர்ச்சொல்லில்தான் தேட வேண்டும். ஒகரமும் எகரமும் அவர் எழுத்து முறையில் கிடையாது, ஓன் என்பது ஊன் ஆகியிருக்கும். இந்த இரண்டும் தெரியாமல் புரட்டுகிறவர்கள் “அகராதியிலேயே இல்லாத சொல்” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில ஏஜென்ட்டுகளுக்கு அதுவும் வசதி.

எனக்குப் புரியாத ஒன்று: அந்த வீட்டுக்காரம்மாவிடம் ஏன் யாரும் கேட்கவில்லை? டாவோவில் வாடகைக்கு அறை விடுகிற அம்மாளுக்கு ஆங்கிலம் வராமல் இருக்காது. உங்கள் மகள் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நாமக்கல்லிலிருந்து ஏஜென்ட்டுக்கு, ஏஜென்ட்டிடமிருந்து டாவோவுக்கு, அங்கிருந்து திரும்ப நாமக்கல்லுக்கு என்று ஒரு வரி சுற்றி வந்தால், வழியில் அதற்கு விலை ஏறத்தானே செய்யும்.

விசாரணையைவிட என்னை உறுத்துவது நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய வரி. பாஸ்போர்ட் ஏன் ஏஜென்ட்டிடம் இருக்கிறது? விசா நீட்டிக்க வாங்கினேன் என்பார். நீட்டிப்பு முடிந்ததும் திருப்பித் தர வேண்டியதுதானே? இந்திய பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்துவைத்துக்கொள்ள அவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது. உங்கள் மகளிடம் ஏ.சி.ஆர். ஐ-கார்டு என்ற வெளிநாட்டவர் அட்டை இருக்க வேண்டும். அந்த அட்டை உள்ளவர்கள் ஒவ்வோர் ஆண்டும் முதல் 60 நாளுக்குள் குடிவரவு அலுவலகத்தில் ஆஜராகிப் பதிவு செய்ய வேண்டும், அதற்குக் கட்டணம் சில நூறு பெசோதான். இந்த வருஷம் செய்தாளா என்று கேளுங்கள். அதையும் ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று ஏஜென்ட் சொல்லியிருந்தால் ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிஜமான தொல்லை வந்தால் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

மகளை இன்றைக்கே ஏஜென்ட் அலுவலகத்துக்கு, தனியாக அல்ல, இரண்டு தோழிகளோடு போய் பாஸ்போர்ட்டை வாங்கச் சொல்லுங்கள். சாக்குச் சொன்னால் மணிலாவில் உள்ள இந்தியத் தூதரகத்துக்கு எழுதப்போகிறேன் என்று சொல்லட்டும், தராவிட்டால் எழுதட்டும். வீட்டுக்காரம்மாவுக்கு ஆங்கிலத்திலேயே ஒரு வரி அனுப்பட்டும்: சனிக்கிழமை முழுவதும் அறையில் இருப்பேன், அப்போது வந்து பார்க்கச் சொல்லுங்கள். கடைசியில் ‘சலாமத்’ என்று சேர்க்கட்டும். நன்றி என்று பொருள், தகலோக்கிலும் பிசாயாவிலும் ஒன்றுதான்.